ஊறுகாய்க்குப் படிகாரம் வேண்டுமா?

காய்கனிப் பாதுகாப்பு வகுப்புகளில் தவறாது எழும் வினா ஒன்று உண்டு: "ஊறுகாய்த் துண்டுகள் குழைந்துபோகாமல் இருக்கச் சிறிது படிகாரம் சேர்க்கலாமா?" வினவுவோர் பெரும்பாலும் இல்லத்தரசியர், விடையளிக்க வேண்டியவர்கள் நம் களப்பணியாளர்களும் மனையியல் ஆசிரியர்களும். "ஒரு சிட்டிகை சேர்த்தால் கெடுதல் இல்லை" என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் வகுப்பில் கூறப்படுவது அன்று மாலையே பல அடுக்களைகளை எட்டிவிடுகிறது. ஆதலின் விடை காரணத்தோடு கூடியதாக இருத்தல் வேண்டும். "தேவையில்லை" என்பதே தக்க விடை என்பது எம் கருத்து.

படிகாரம் ஆற்றும் வேலை யாது? காயின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தும் பொருள் பெக்டின். காயிலும் நுண்ணுயிர்களிலும் உள்ள சில என்ஸைம்கள் இப்பெக்டினைச் சிதைக்கும்போது காய் குழைகிறது. படிகாரத்திலுள்ள அலுமினியம் பெக்டின் இழைகளைப் பிணைத்து இறுக்குகிறது. வடநாட்டில் நெல்லிக்காய் முரப்பா செய்வோர் காயைப் படிகார நீரில் ஊறவைப்பதுண்டு. எனவே இவ்வழக்கம் அடிப்படையற்றதன்று. எனினும் அதன் பயன் குறுகியது. உப்புநீரில் பல நாள் புளிக்கவைக்கும் வெள்ளரிக்காய்க்கு அது ஓரளவு உதவும். காடி ஊற்றி விரைவில் செய்யும் ஊறுகாயில் அதனால் இறுக்கம் கூடுவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் வீட்டு உணவுப் பாதுகாப்புக் கையேடும் இவ்வாறே கூறித் தன் செய்முறைகளில் படிகாரத்தை விலக்கியுள்ளது.

இனி அளவைக் கவனிப்போம். 1 கிராம் படிகாரத்தில் ஏறத்தாழ 57 மில்லிகிராம் அலுமினியம் அடங்கியுள்ளது. உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு, 2011-இல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் வாரத்திற்கு 2 மில்லிகிராம் அலுமினியம் என வரம்பு வகுத்தது. 15 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு இது 30 மில்லிகிராம். அதாவது அரை கிராமுக்குச் சற்று மிகுந்த படிகாரம். ஒரு சாடி ஊறுகாயைப் பலர் பல வாரங்கள் உண்பதால் ஒரு சிட்டிகை உடனே தீங்கு செய்யும் என்று அச்சுறுத்த வேண்டியதில்லை. ஆயினும் சிட்டிகை என்பது ஓர் அளவன்று; அது கைக்குக் கை மாறும். சிறுநீரக நோயுடையோர் உடலில் அலுமினியம் தங்கிவிடும் என்பதையும் மறத்தலாகாது. மேலும், நீர் தெளிவிக்கவும் சவரத்திற்குப் பின் தடவவும் விற்கப்படும் கட்டி, உணவுக்கேற்ற தூய்மை உடையது என்று கொள்வதற்கில்லை.

படிகாரமின்றி இறுக்கம் பெறுவது எங்ஙனம்? நம் பாட்டிமார் வடுமாங்காய்க்கு நம்பியவை பிஞ்சுக் காயும் போதிய உப்புமே. ஆந்திர நாட்டு ஆவக்காயில் மாங்காயை உள்ளோட்டோடு சேர்த்தே வெட்டுகின்றனர்; அவ்வோடு துண்டைக் குழையவிடாமல் காக்கிறது. வெள்ளரிக்காயாயின் பறித்த அன்றே ஊறுகாய் இடுதல் நலம். அதன் பூ முனையை மெல்லியதாகச் சீவி எறிய வேண்டும். குழைக்கும் என்ஸைம் அங்கேதான் மிகுதி. உப்பைக் கண்ணளவாக இடாமல் நிறுத்து இடுக. காய் உப்புநீருக்கு மேலே மிதவாதபடி அமிழ்த்தி வைக்குக.

தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தல் படிகாரத்தினும் பயனுடையது. அதிலுள்ள கால்சியமும் பெக்டினை இறுக்கும். ஆக்ராவின் பூசணிப் பேட்டா உடையாமல் நிற்பது இதனாலேயே. ஆனால் சுண்ணாம்பு, காடியின் அமிலத்தை முறித்துவிடும். அமிலத்தன்மை குறைந்து பி.எச். 4.6-க்கு மேற்பட்டால், காற்றுப் புகாது மூடிய புட்டியில் பொட்டுலினம் என்னும் நச்சுக் கிருமி வளர இடமுண்டு. ஆகையால் உணவுக்குரிய சுண்ணாம்பையே கொள்ளுதல் வேண்டும். ஊறிய காயைக் கழுவி, புதுநீரில் ஒரு மணி நேரமாக மும்முறை ஊறவைத்து வடித்த பின்னரே ஊறுகாய்க்கு எடுத்தல் வேண்டும். இதனை முழுமையாகக் கற்பிக்க நேரமில்லையெனில், கற்பிக்காமல் விடுவதே மேல்.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளோர் உணர்ந்த மற்றோர் இடரும் உண்டு. ஆங்கிலத்தில் 'லைம்' என்பது சுண்ணாம்பையும் குறிக்கும், எலுமிச்சை இனத்தையும் குறிக்கும். தமிழிலோ படிகாரம், சீனக்காரம், வெங்காரம் என்பன செவிக்கு நெருங்கிய பெயர்கள். முன்னிரண்டும் ஒரே பொருள். வெங்காரமோ போராக்ஸ், உணவில் சேர்க்கத் தகாதது. கடையில் பெயர் மாறினால் பொருளும் மாறிவிடும். ஆதலின் எப்பொருளைக் குறிப்பிடினும் பெயரைக் கரும்பலகையில் எழுதி, பொருளையும் காட்டுதல் அவசியம்.

அடுத்த வகுப்பில் இவ்வினா எழுமாயின், படிகாரக் கட்டியை எடுத்து வைத்துவிட்டு, ஒரு வெள்ளரிப் பிஞ்சையும் கத்தியையும் தராசையும் முன்வைத்து விடையளிக்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.