மைதானத்தின் கடனை அடைப்பது யார்?

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலுள்ள கால்பந்து அரங்கம் 1923-ல் திறக்கப்பட்டது. ஹேவர்டு என்னும் நிலநடுக்கப் பிளவு அதன் அடியிலேயே செல்கிறது. ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தைப் பலப்படுத்தியே ஆகவேண்டும். பணத்துக்கு வழி என்ன என்பதே கேள்வி.

2010 ஆட்டங்கள் முடிந்ததும் மூடிய அரங்கம், சுமார் 32 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2012-ல் திறந்தது. நல்ல இருக்கைகளின் உரிமையை நீண்ட காலத்துக்கு ரசிகர்களிடம் விற்றுக் கடனை அடைக்கலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2018-ல் கடனில் பாதிக்கு மேல் விளையாட்டுத் துறையிடமிருந்து பல்கலைக்கழகப் பொது நிர்வாகத்தின் தலையில் ஏறியது.

உயிருக்குப் பாதுகாப்பு தேடியதில் தவறென்ன என்று கேட்கும் ரசிகருக்கும் நியாயம் உண்டு. வகுப்பறைக்குச் செல்லவேண்டிய பணம் வட்டிக்குப் போகலாமா என்று கேட்பவருக்கும் நியாயம் உண்டு. ஆட்டமே பார்க்காத மாணவனும் இந்தச் சுமையில் பங்காளியாகிறான்.

வீடு கட்டக் கடன் வாங்கும் குமாஸ்தாகூட மாதத் தவணைக்கு வழி பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறார். வராத பணத்தை வரவில் எழுதியதுதான் பெர்க்லியில் நேர்ந்த பிழை. பழைய மைதானத்தைப் புதுப்பிக்க விரும்பும் எந்த ஊரும் இதைக் கவனிப்பது நல்லது.