மிச்சம் பிடிக்க வேண்டியது எதில்?

மருத்துவ இடம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் பெற்றோரைப் பிடித்துக்கொள்ளும் கவலை, பிள்ளை எங்கே தங்குவது என்பது. தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் குரோம்பேட்டை, அந்தப் பக்கம் ரத்தினமங்கலம், பொத்தேரி, செங்கல்பட்டு என மருத்துவக் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. விடுதியில் இடம் கிடைக்காதவர்களும் முதுநிலை படிப்பவர்களும் நடுவிலுள்ள பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர் தெருக்களில் 'டு லெட்' பலகை தேடி அலைகிறார்கள்.

ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே போகப் போக வாடகை குறையும். அதற்குக் காரணமும் இருக்கும். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் மின்சார ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. பெருங்களத்தூரைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் காலை வார்டு போஸ்டிங் போயிற்று. செய்முறைப் பயிற்சிக்கு 80 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தள வீடு மலிவாக வந்தால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டில் விசாரித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

அந்த அட்வான்ஸிலும் ஏமாற வேண்டாம். பத்து மாத வாடகையைக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். தமிழகத்தின் 2017 வாடகைச் சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. பெண் பிள்ளைகளைத் தனியார் விடுதியில் சேர்ப்பவர்கள், தமிழகத்தின் 2014 மகளிர் விடுதிகள் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று கேட்கத் தயங்கக் கூடாது.

ஏ.சி.யில், கட்டில் பீரோவில் மிச்சம் பிடிக்கலாம். கல்லூரிக்கு அருகாமை, நல்ல தண்ணீர், சத்தமில்லாத அறை, இந்த மூன்றில் கை வைக்காதீர்கள். நான்கு பேர் ஷேரிங் அறையில் இரவு டியூட்டி முடித்து ஒருவர் படுக்கும் நேரத்தில் இன்னொருவரின் அலாரம் அடிக்கும். ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் ஆண்டில் அவருடைய தூக்கம் கெட்டால் மறுநாள் அவர் ஊசி போடப்போகும் நோயாளிக்கும் அது ஆபத்து. அதனால்தான் நல்ல அறை கேட்கும் பிள்ளையைச் செலவாளி என்று திட்டாதீர்கள் என்கிறோம்.

ஆனால், இந்த யோசனையெல்லாம் கொஞ்சமாவது பணம் இருப்பவர்களுக்குத்தான். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பது மிக நல்ல முடிவு. அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்களே! முதுநிலை மாணவர்களுக்குத் தங்குமிடம் தருவது கல்லூரியின் கட்டாயக் கடமை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறை சொல்கிறது. அங்கேயே தங்க வேண்டும் என்று மாணவர்களைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அதே உரிமை இளநிலை மாணவருக்கும் வேண்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை விடுதி இடம், என்ன கட்டணம், மருத்துவமனையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் கலந்தாய்வு தொடங்கும் முன்பே கல்லூரி வாரியாக மருத்துவக் கல்வி இயக்ககம் வெளியிட வேண்டும்.