ரெண்டு பர்சன்ட் மாயை

மும்பையில் ஃப்ளாட் விற்கக் கிளம்பும் நம்மாட்கள் எல்லாரும் பாடுவது ஒரே பாட்டு: "2 பர்சன்ட் கேட்கிற புரோக்கர்தான் நல்ல விலை வாங்கித் தருவார். அரை பர்சன்ட் ஆள் அவசரத்துல தள்ளிவிட்டுடுவான்."

சுத்த அபத்தம்! கணக்குப் போடுங்க சாமி. 1 கோடி ஃப்ளாட்டை 3 லட்சம் குறைச்சு முடிச்சா, 2 பர்சன்ட்காரருக்கு நஷ்டம் வெறும் 6,000. அரை பர்சன்ட்காரருக்கு 1,500. ஆறாயிரத்துக்காக எவர் மாசக்கணக்கில் காத்திருப்பார்? நான் பிடித்த 2 பர்சன்ட்காரர் மூணாவது வாரமே "கொஞ்சம் இறங்குங்க சார்" என்றார்.

விலையில் நிற்க வேண்டியது நாமதான். புரோக்கருக்கு ரேரா பதிவு இருக்கா, வாங்குறவருக்கு லோன் சாங்ஷன் ஆயிருக்கா, பாருங்க. பத்திரம் பதிவானதும் கமிஷன் கொடுங்க. மிச்சமாகும் ஒன்றரை லட்சம் நம்ம காசு!