கால் மணி நேரக் கணக்கு

மதுரை விமான நிலையத்துக்கும் நெடும்பாசேரியிலுள்ள கொச்சி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும். ஆகவே இது கால் மணி நேரப் பிரயாணந்தான் என்று ஒரு கணக்கு வழங்கிவருகிறது. வகுத்தல் பிழையற்றது. ஆனால் அதிலிருந்து பெறப்படும் முடிவு, அந்தக் கோட்டுக்குக் கீழே அநேகமாக அதன் மத்தியிலேயே அமைந்த போடிநாயக்கனூரில் வாழும் எனக்குச் சற்றும் சம்மதமில்லை.

800 கிலோமீட்டர் என்பது முப்பதாயிரம் அடிக்கு மேலே ஏறி, மட்டமாகப் பறக்கும்போது வாய்க்கும் வேகம். அவ்வளவு உயரம் ஏறி இறங்குவதற்கே 190 கிலோமீட்டர் போதாது; பத்தாயிரம் அடிக்குக் கீழே வேகமும் பொதுவாகச் சுமார் 460 கிலோமீட்டருக்குள் கட்டுப்பட்டது. மேலும், ஓடுபாதையின் திசைக்கேற்பக் கிளம்பி, மறுநிலையத்தின் ஓடுபாதைக்கு நேராக வளைந்து வரவேண்டிய விமானம் கோட்டின்மேலேயே செல்வதுமில்லை. இதே கணிதப்படி மதுரையிலிருந்து அரை மணியில் எட்டவேண்டிய சென்னைக்குக் கால அட்டவணை ஒரு மணிக்கும் அதிகமாக ஒதுக்குகிறது.

நிலையம் வேறு, ஊர் வேறு என்பதையும் இக்கணக்கு மறந்துவிடுகிறது. மேற்கே போக விரும்பும் போடிக்காரர் முதலில் கிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் சென்று, விமானமேறி, அநேகமாகத் தம் வீட்டுக் கூரைக்கு மேலாகவே திரும்பிவர வேண்டும். மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் வந்த மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் முடிவில் நின்றது. 2023 ஜூனில்தான் ரயில் மீண்டும் போடியை அடைந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆகாய தூரம் ஓர் அங்குலமும் மாறவில்லை. எங்களுக்கோ மதுரை தூரமாகிவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, இடையிலுள்ள மலையை வெறும் அகலமாகக் கொள்வது. மலையடிவாரத்து முந்தலிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி ஏறும் சாலை, போடிமெட்டை அடைவதற்குள் சுமார் ஆயிரம் மீட்டர் உயர்ந்துவிடுகிறது. அங்கே தூரம் என்பது சரிவும், மூட்டமும், மழையில் உருளும் பாறையுமே. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலையை அனுப்பியவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள்: குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை கொணர்ந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கி, பின்பு வண்டியில் போடிக்கு ஏற்றிவந்தார்கள். சரிவுக்கு ஒரு சாதனம், சமவெளிக்கு ஒரு சாதனம் என்று பகுத்துச் செய்த ஏற்பாடு அது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்தது.

இன்றைக்கும், விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பேறும் பெண்களிடம் மலைக்கு அப்பாலுள்ள பூப்பாறை எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிலோமீட்டரைச் சொல்ல மாட்டார்கள். மலைமுகட்டை ஒருமுறை ஏறிட்டு நோக்கி, மூட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நேரத்தைச் சொல்வார்கள்.