யார் பழுது பார்ப்பது?

2025 ஜூலையில் யுனெஸ்கோ சபை செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆயினும் பெருமையோடு ஒரு பாடத்தையும் நாம் கொள்ளவேண்டும். மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் இக்கோட்டையை முற்றுகையிட்டான். 1698-ல்தான் அது அவன் வசமாயிற்று. அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு மதிலின் கனம் மட்டுமா காரணம்? ராஜகிரியின்மேல் ஊற்று நீர் உண்டு. மதிலுக்குள் நெற்களஞ்சியம் உண்டு. வெளியே போய்க் கையேந்தவேண்டிய அரண், எவ்வளவு உயரமாயினும், அரண் அன்று.

இன்று நமது அரண் ஆகாயத்தில் இருக்கிறது. யுத்த விமானங்களைக் கோடிக்கணக்கில் பொருள் கொடுத்து வாங்குகிறோம். குடியரசு தினத்தன்று அவை வரிசையாகப் பறக்கக் கண்டு கைதட்டுகிறோம். அவ்விமானத்தின் ராடார் கண் மங்கினால் அதைத் தெளிய வைப்பவர் யார்? அவர் நம்மவரா, அன்னியரா? இக்கேள்வியைக் கேட்பார் சிலரே.

நம்மவருக்குத் திறமை இல்லை என்று எவரும் சொல்லவேண்டாம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின், லிபரேட்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் மறுபடி பறக்கலாகாதபடி சிதைக்கப்பட்டுக் கான்பூரில் கிடந்தன. 1940-ல் பெங்களூரில் தோன்றிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் தொழிலாளர் அவற்றை ஓரளவு செப்பனிட்டுப் பெங்களூருக்குப் பறக்கவிட்டு, அங்கே முழுதும் புதுப்பித்தனர். 1948 நவம்பரில் முதல் விமானங்கள் நமது விமானப்படையிடம் சேர்ந்தன. 1968 வரை அவை சேவை செய்தன. குப்பையென்று பிறர் எறிந்தது நமக்கு இருபது வருஷம் உழைத்தது!

ஆனால் அக்காலத்து விமானம் வேறு. இக்காலத்து விமானம் வேறு. இன்றைய விமானத்தின் உயிர் மின்னணுப் பெட்டிகளில் இருக்கிறது. அவற்றைச் சோதிக்கும் கருவியும், சுற்று வரைபடமும், உள்ளே ஓடும் கணினிக் கட்டளைகளும் விற்றவனிடமே இருந்தால், விமானம் நம்முடையது என்று சொல்வதில் பொருள் என்ன? வீட்டை விற்றவன் கிணற்றைத் தன்வசமே வைத்துக்கொள்வதாகப் பத்திரம் எழுதினால், எந்த வக்கீலாவது கையெழுத்திடச் சொல்வாரா?

1998-ல் பொக்ரான் சோதனைக்குப்பின் அமெரிக்கா தடை விதித்தது. தேஜஸ் விமானத்தின் பறத்தல் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி அங்கே வேலை செய்துகொண்டிருந்த நமது நிபுணர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர், கருவிகளும் முடக்கப்பட்டன. அவர்கள் தாயகம் வந்து வேலையை முடித்தனர். 2001 ஜனவரி 4-ந் தேதி தேஜஸ் பறந்தது. ரஷ்ய விமானமான சுகோய்-30 எம்.கே.ஐ.க்கு வேண்டிய கணினிகளையும் நமது ஆராய்ச்சிசாலைகளே வகுத்தன. அம்முயற்சிக்கு இட்ட பெயர் 'வெற்றிவேல்' என்பது தமிழர் செவிக்கு இனிக்கும். அதே சுகோயை முழுதும் பிரித்துப் புதுப்பித்து, நாசிக்கை அடுத்த ஓஜரிலுள்ள விமானப்படைப் பழுதுபார்ப்பு நிலையம் 2018-ல் படையிடம் ஒப்படைத்தது.

கருவி மட்டும் போதுமா? போதாது. கூட்டத்தை நடத்தும் தலைவன் வேண்டும். ஆகாயத்தில் குளிரிலும் அதிர்விலும் தலைகாட்டும் கோளாறு, தரையிலுள்ள சோதனை மேஜையில் ஒளிந்துகொள்ளும். 'பழுதில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவது எளிது. நல்ல தலைவன் அப்படிச் செய்யான். விமானியை அழைத்து எந்த உயரத்தில், எந்தத் திருப்பத்தில் கோளாறு தோன்றிற்று என்று கேட்பான்; உப்புக்காற்றில் பச்சை பிடித்த ஒரு சிறு இணைப்பு ஊசியையும் விடாது தேடுவான். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் பட்டால் நுண்ணிய சில்லு மாண்டுபோகும். ஆதலால் மணிக்கட்டில் கம்பிப்பட்டை கட்டாதவனைப் பெட்டியைத் தொடவிடான். வேலை முடிந்ததும் திருப்புளிகளை எண்ணுவான். ஒன்று குறைந்தால் விமானத்தைப் பறக்கவிடான். எல்லாவற்றிற்கும் மேலாக, 'ஐயா, நான் தவறு செய்துவிட்டேன்' என்று இளைஞன் அஞ்சாது சொல்லும்படி நடந்துகொள்வான். தண்டனைக்கு அஞ்சி மறைக்கப்பட்ட தவறு விமானியின் உயிரைக் கேட்கும்.

இத்தகைய தலைவர்கள் பெரும்பாலும் வாரண்ட் ஆபீசர்கள், சார்ஜண்டுகள். பட்டம் பெற்ற பிரமுகர்கள் அல்லர். விமானியின் படம் பத்திரிகையில் வருகிறது. இவர்கள் பெயரை எவர் அறிவார்? தமிழ்நாட்டிலும் சூலூரில் விமானப்படையின் பழுதுபார்ப்பு நிலையம் இருக்கிறது. அங்கே உழைப்பவரை எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

சர்க்காரை நாம் கேட்பவை இரண்டே. முதலாவது, சோதனைக் கருவியும் வரைபடமும் கணினிக் கட்டளைகளை மாற்றும் உரிமையும் தராத எந்த விமான ஒப்பந்தத்திலும் கையெழுத்திடலாகாது. விலை சற்று ஏறினாலும் ஏறட்டும். இரண்டாவது, பல்லாண்டு பழகிய தொழில் நிபுணர்களை உரிய பதவியும் ஊதியமும் தந்து காக்கவேண்டும். அவர்கள் அனுபவத்தைத் தாய்மொழியிலும் எழுதிவைக்க ஏற்பாடு செய்யவேண்டும்.

யுத்தம் வந்தபின் ஊற்றுத் தோண்ட முடியாது. செஞ்சியைக் கட்டியவர்கள் அதை அறிந்திருந்தார்கள். நாம் அறிவது எப்போது?