ரேகை வைக்க மறுத்த ஊர்

தேனியில் பஸ் ஏறி, ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. அந்த வட்டாரத்தில் இருக்கிறது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று அந்த ஊர் ஜனங்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று போலீஸ் முன்னால் நின்றார்கள். துப்பாக்கி வெடித்தது. பதினாறு பேர் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று இன்றைக்கும் ஊர் சொல்கிறது.

அவர்கள் எதிர்த்தது குற்றப் பரம்பரைச் சட்டத்தை. 1871-ல் வடக்கே வந்த சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்தையும் பிடித்தது. அந்த ஊர்க்காரர்களைப் போன்ற பிரமலைக் கள்ளர் சாதி வீட்டு ஆண்கள் பெயரைப் பதிந்து ரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் நஞ்சையும் புஞ்சையும் உழுதவர்களையும் இந்தச் சட்டம் விடவில்லை. என்ன திருடினாய் என்று அது யாரையும் கேட்கவில்லை. யார் வயிற்றில் பிறந்தாய் என்று மட்டுமே கேட்டது. அந்தக் கேள்விக்குப் பணிய மாட்டோம் என்றதுதான் பெருங்காமநல்லூரின் வீரம்.

அவர்களுக்காக வழக்காட வந்தவர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த மலையாளக் கிறிஸ்தவர், மதுரையில் பாரிஸ்டர். அவர் சாதியும் வேறு, மதமும் வேறு. அந்தச் சட்டத்தால் அவருக்கு ஒரு நாள் தூக்கம்கூடக் கெட்டிருக்காது. ஆனாலும் வந்தார். கோட்டில் ரோஜா செருகியிருந்த அவரை ஜனங்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று கொண்டாடினார்கள். தன் மேல் விழாத அடிக்காக எழுந்து நிற்பதும் வீரம்தான். அது இன்னும் அரிய வீரம் என்பேன்.

1947-ல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ஒழித்தது. பிறப்பைக் கேட்கும் வழக்கம் ஒழிந்ததா? 1989-ல் போடியில் சாதிக் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. இன்றும் எத்தனையோ ஊர்களில் ஒரு பையன் எந்தத் தெரு என்று தெரிந்த பிறகுதான் அவனை வீட்டுக்குள் விடுவதா வாசலில் நிறுத்துவதா என்று முடிவாகிறது. வெள்ளைக்காரன் சட்டம் கேட்ட அதே கேள்வியை இப்போது நாமே கேட்கிறோம். பெருங்காமநல்லூர்த் தியாகிகளை ஒரு சாதியின் பெருமையாக மட்டும் பிளெக்ஸில் அச்சடிப்பவர்கள், அவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்பதை மறைக்கிறார்கள்.

அந்நியனை எதிர்க்கும்போது ஊர் நம் பின்னால் நிற்கும். சொந்தக்காரன் செய்யும் அநியாயத்தை எதிர்க்கும்போது தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் நினைவுத்தூணுக்கு மாலை போடுங்கள், அது நம் கடமை. அதோடு, அடுத்த ஊர்க்கூட்டத்தில் உங்கள் ஆட்களே ஒருவரைப் பிறப்பைச் சொல்லி ஒதுக்கினால், எழுந்து நின்று ‘இது அநியாயம்’ என்று சொல்லுங்கள்.