பகலில் தடை, இரவில் வாட்ஸ்அப்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 படித்த தலித் மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே.சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கூடாது என்ற பரிந்துரை பெரிதாகப் பேசப்பட்டது. பள்ளிக்குள் மாணவர்கள் செல்போன் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதைப் பேசியவர்கள் குறைவு.

தடை சரிதான். கயிறு ஆசிரியர் கண்ணில் படும், ஸ்டேட்டஸ் படாது. சாதிப் பாட்டும் அரிவாள் படமுமாக மதிய இடைவேளையில் ஒருவன் போடும் ஸ்டேட்டஸ், சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அடிதடி ஆகிவிடும். பெண் பிள்ளைகளைத் தெரியாமல் படம் எடுக்கும் கொடுமை வேறு.

ஆனால், பையைச் சோதிப்பது என்று வந்தால் யார் பை முதலில்? "உனக்கு ஏதுடா இவ்வளவு விலை போன்?" என்று காலனிப் பிள்ளையைக் கேட்பார்கள். ஊர்த்தெருப் பிள்ளையை யாரும் அப்படிக் கேட்பதில்லை. சோதனையே வேண்டாம். காலையில் எல்லோரும் போனை ஒப்படைக்கட்டும், மாலையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பகலில் போன் கூடாது என்கிற பள்ளியே, இரவு 7 மணிக்கு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறது. காலனி வீட்டில் இருப்பது ஒரே போன். அது அப்பாவோடு கட்டட வேலைக்குப் போயிருக்கும். அவர் கோவையிலோ திருப்பூரிலோ தங்கி வேலை பார்த்தால் மாதக்கணக்கில் வராது. 2020இல் பள்ளிகளை மூடியபோது பாடம் போனுக்குள் போனது. போன் இல்லாத பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாலும் ஓடிபி அந்தப் போனுக்குத்தான் வரும். ரீசார்ஜ் முடிந்திருந்தால் அதுவும் வராது.

வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட என்ன செலவு? அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. கடைசி மணி அடித்ததும் பூட்டாமல், ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போன் இல்லாத பிள்ளையும் பாட வீடியோ பார்க்கும், விண்ணப்பம் போடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோருக்கும் இடம் உண்டு. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள். தீர்மான நோட்டில் எழுத வையுங்கள்.